நூற்றாறாவது எபிசோடும் கலங்கிய பையும்

காலை ஏழு மணிக்கே டிவி ஓடுகிற வீடு உருப்படுமா என்று கே.கே. நகரில் பெலிண்டாவை யாரும் நேருக்கு நேர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளிடம் பதில் தயாராக இருந்தது. இது டிவி பார்க்கும் நேரம் இல்லை, டயாலிசிஸ் நேரம் என்று சொல்லியிருப்பாள்.

பதில் பாதி உண்மைதான். மீதிப் பாதிதான் இந்த வாரத்து வினை.

சென்ற வாரங்களில் கூடவே வந்தவர்களுக்கு அந்த வீட்டு நிலவரம் தெரியும். பாதியில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெலிண்டாவின் மாமனார் சவரிநாதன், பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வியாகுலம்மாள் போய்ச் சேர்ந்த மறு வருஷமே அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. கையில் ஊசி குத்தி மெஷினில் ரத்தம் சுத்தம் செய்யும் வழி இரண்டு முறை அடைத்துக்கொண்டது. அவருடைய இதயமும் அந்த மெஷினைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது ஒரே வழி. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அதன் வழியாக ஒரு பை சுத்தத் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து அழுக்கோடு வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை, வீட்டிலேயே.

அந்த நான்கு முறையும் பெலிண்டாதான். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தார்கள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடம் ஆகும். கிருமி வரக் கூடாது என்பதால் ஜன்னல், கதவு எல்லாம் சாத்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், இருவரும் முகக்கவசம் போட வேண்டும். சித்திரை மாதத் திருச்சியில் ஃபேன் இல்லாத மூடிய அறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். முதல் மாதம் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு வேர்த்தார்கள். இரண்டாம் மாதம் பெலிண்டா டிவியை அந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்தாள்.

எதையெதையோ பார்த்து முடித்து, போன மாதம் அதில் அந்தத் துருக்கித் தொடர் கிடைத்தது. தமிழில் பேசும் துருக்கிக்காரர்கள். ஒரு துறைமுக ஊர், நெஸ்ரின் என்று ஒரு பெண், கடலில் காணாமல் போன அவளுடைய அண்ணன். ஒரு எபிசோட் சரியாக நாற்பத்திரண்டு நிமிடம். பை வடிந்து, புதுப் பை ஏறி முடியவும் எபிசோட் முடியவும் சரியாக இருக்கும்.

பை முடிந்ததும் ஃபேனைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? எழுந்திருக்கவில்லை. திரையின் ஓரத்தில் ‘அடுத்த எபிசோட் ஐந்து நொடியில்’ என்று வரும். ஐந்து, நான்கு, மூன்று என்று எண் இறங்கும். எதையும் தொட வேண்டாம், சும்மா இருந்தால் போதும், தானாக வரும். பெலிண்டாவின் வாழ்க்கையில் அவள் எழுந்து செய்யாமல் தானாக வந்தது அது ஒன்றுதான். குக்கர் தானாக வைத்துக்கொள்ளாது. மருந்து தானாக வாங்கிக்கொள்ளாது. இந்தத் தொடர் மட்டும் அவள் அசையாமல் இருந்தால் வந்தது. அந்த ஐந்து நொடியில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வாள்.

ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது. வேனிற்கால விடுமுறைக்கு மகளைத் திண்டுக்கல்லில் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிய பிறகு கணக்கே போய்விட்டது. முந்தாநாள் சனிக்கிழமை ஒன்பது எபிசோட். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் பதினொன்று.

கணவன் பிரவீன்ராஜ் வீட்டில் இருந்தால் கத்துவான். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டரான அவன் சனிக்கிழமை முதல் ஸ்ரீரங்கத்தில் இருந்தான். இன்று திங்கள், சித்திரைத் தேர். தேர் நகர நகர அந்தந்த வீதியில் கரன்ட்டை நிறுத்தி, குறுக்கே போகும் வயரைக் கழற்றி, தேர் தாண்டியதும் மறுபடி மாட்ட வேண்டும். தேர் நிலைக்கு வரும்வரை அவனுக்கு வீடு, வாசல் எதுவும் கிடையாது.

“ஏம்மா, போடலாமா?” என்றார் சவரிநாதன், முகக்கவசத்துக்குள்ளிருந்து.

“ஒரு நிமிஷம் மாமா. கை கழுவிட்டு வந்துடறேன்.”

திரை இழுத்து மூடப்பட்டிருந்தது. வெளிச்சம் இருந்தால் டிவியில் முகம் தெரியாது என்று ஒரு மாதமாகவே திரையையும் இழுத்துவிடுகிறார்கள். குழாயை இணைத்தாள். கிளிப்பைத் திறந்தாள். பழைய திரவம் தரையில் இருந்த பைக்குள் வடியத் தொடங்கியது. நூற்றாறாவது எபிசோட் ஆரம்பமானது.

சவரிநாதன் இன்று வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை. நெஸ்ரின் முட்டாள்தனமாக எதையாவது செய்தால் “அறிவு இருக்கா இவளுக்கு?” என்று அவர் அதட்டுவதும், “உங்க மருமக மாதிரிதான்” என்று பெலிண்டா சொல்வதும் வாடிக்கை. இன்று நெஸ்ரின் யாரோ ஒரு வக்கீலை நம்பிக் கையெழுத்தே போட்டுவிட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை. பெலிண்டா கவனித்தாள், ஆனால் வக்கீல் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதில் அந்தக் கவனம் கரைந்துபோனது.

புதுப் பை ஏறி முடியும் சமயத்தில் கரன்ட் போனது.

“நல்லாருக்கு போங்க. ஈபிக்காரர் வீட்லயே கரன்ட் இல்ல” என்று சொல்லிக்கொண்டே பெலிண்டா தட்டுத் தடுமாறி எழுந்து திரையை ஒதுக்கினாள். கண்ணாடி வழியாகக் காலை வெயில் அறைக்குள் விழுந்தது. கிளிப்பை மூடி, குழாயைக் கழற்றி, மூடி போட்டாள். குனிந்து தரையில் கிடந்த பையை எடுத்தாள்.

எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அது இளநீர் போல இருக்க வேண்டும். இரண்டு வருஷமாக அப்படித்தான் இருந்தது. இன்று அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. அடியில் நூல் நூலாக ஏதோ மிதந்தது.

பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது இதுதான். வடிந்த பைக்குப் பின்னால் அச்செழுத்து இருக்கிற ஒரு தாளைப் பிடியுங்கள், எழுத்தைப் படிக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் உடனே கூப்பிடுங்கள். பெலிண்டா அதற்கு நாள்காட்டித் தாளை வைத்திருந்தாள். காலையில் அன்றைய தாளைக் கிழித்து, நான்கு பைக்கும் அதையே பின்னால் பிடித்துப் பார்ப்பாள்.

சுவரைப் பார்த்தாள். நாள்காட்டியில் இன்னும் சனிக்கிழமைத் தாள் கிழிக்காமல் கிடந்தது.

கடைசியாகக் கிழித்தது வெள்ளிக்கிழமை. சனி நான்கு பை, ஞாயிறு நான்கு பை, டிவி வெளிச்சத்தில் எடுத்து, எபிசோட் ஓட ஓடவே கொண்டுபோய் டாய்லெட்டில் ஊற்றியவை. ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய பாவம் மேஜைமேல் இருந்தது. ஒவ்வொரு பையின் நேரம், எடை, நிறம் எல்லாம் எழுதும் நோட்டு. நடுவில் எழுந்து எழுத வேண்டியிருக்கிறதே என்று சனிக்கிழமை காலையிலேயே இரண்டு நாளுக்கான கட்டங்களையும் அவள் நிரப்பி வைத்துவிட்டாள். எட்டுக் கட்டத்திலும் ‘தெளிவு, தெளிவு’ என்று ஒரே பேனா, ஒரே வேகம். எட்டாம் வகுப்புப் பையன் யாராவது விடையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பாள்.

“மாமா, வயிறு வலிக்குதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. கரன்ட் வந்துடுச்சான்னு பாரு.”

அவள் அவர் வயிற்றில் மெல்லக் கை வைத்தாள். சவரிநாதன் பல்லைக் கடித்துக்கொண்டார். உடம்பு அனலாகக் கொதித்தது.

“எப்போலேருந்து மாமா?”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சனிக்கிழமை சாயங்காலம்னு நெனக்கிறேன். லேசாத்தான் இருந்துச்சு.”

“சேசுவே! ஏன் மாமா சொல்லல?”

அவர் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

பெலிண்டா போனைத் தேடி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் வீட்டு டயாலிசிஸ் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் கமர் ஜஹானுக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் அந்தப் பெண்.

“சிஸ்டர், பை கலங்கியிருக்கு.”

“யா அல்லாஹ். ஊத்திடலயே?”

“இல்ல, இன்னைக்குள்ளது இருக்கு.”

“அப்படியே மூடி எடுத்துட்டு வாங்க. அதுலதான் என்ன கிருமின்னு பாக்கணும். நோட்டையும் எடுத்துக்குங்க. நேரம் கடத்தாதீங்கக்கா, உடனே கெளம்புங்க.”

நோட்டு என்றதும் பெலிண்டா மேஜையைப் பார்த்தாள். சரி என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பிரவீன்ராஜுக்கு ஏழு முறை அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தேர் இழுக்கும் கூட்டத்தில் வெடிச் சத்தம், கொட்டுச் சத்தம், கோவிந்தா கோஷம். அதில் அவன் பாக்கெட்டில் கிடக்கும் போன் கத்தி என்ன ஆகப்போகிறது?

ஆட்டோ வந்தது. பக்கத்து வீட்டு ஆசீர் ஒரு பக்கம் தாங்க, அவள் ஒரு பக்கம் தாங்க, சவரிநாதனை ஏற்றினார்கள். பையை ஒரு பழைய டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் முகம் சுருங்கியது.

டிவிஎஸ் டோல்கேட் தாண்டியதும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். “இன்னைக்குக் காலைலதான் கலங்குச்சுன்னு சொல்லிடு.”

“என்ன மாமா சொல்றீங்க?”

“நோட்டுலயும் அப்படித்தானே இருக்கு? நீ எழுதுறத நான் பாத்தேன். நாங்கேட்டா நீ கூசிப் போயிடுவேன்னு கேக்கல. உம் புருஷங்கிட்ட நீ மாட்டிக்க வேணாம். நானும் இன்னைக்குத்தான் வலின்னு சொல்லிடறேன்.”

பெலிண்டாவின் எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகியது. எட்டுப் பொய்யையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“அதுக்காகவா வலியச் சொல்லாம இருந்தீங்க?”

“அதுக்காக இல்ல.” அவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “சொன்னா நிறுத்திடுவ. ஆஸ்பத்திரி, ஊசின்னு ஓடுவ. அப்புறம் டிவிய எடுத்து ஹாலுக்குக் கொண்டுபோயிடுவான் உம் புருஷன்.”

“ஒரு சீரியலுக்காகவா மாமா?”

“சீரியல் கெடக்குது கழுத. உங்க அத்த போனதுக்கப்புறம் என் ரூமுக்குள்ள வர்றவங்க எல்லாரும் எதையாவது அளக்கத்தான் வர்றீங்க. பிரஷர், சுகர், எடை. வந்தீங்க, அளந்தீங்க, போனீங்க. இது ஓடுறப்ப மட்டும்தான் நீ சும்மா உக்காந்திருந்த. நெஸ்ரினத் திட்டுன, சிரிச்ச. அடுத்தது வரட்டும் வரட்டும்னு நான் நெனச்சதெல்லாம் நீ எந்திரிக்கக் கூடாதுன்னுதான்.”

பெலிண்டா அழுதாள். அவர் மீது கோபமும் பாசமும் ஒன்றாகப் பொங்கின. தனக்கு ஓய்வு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் துணையாக இருந்திருக்கிறது. இருவரும் ஒரே அறையில் இருந்துகொண்டு அதை ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் கமர் ஜஹான் சக்கர நாற்காலியோடு வாசலிலேயே நின்றாள். டவலைப் பிரித்துப் பையைப் பார்த்தவளின் முகம் மாறியது. பரிசோதனைக்கு அனுப்பினாள். மருந்து கலந்த பையை ஏற்றினாள். எல்லாம் அரை மணி நேரத்தில் நடந்தது.

டாக்டர் நிதானமானவர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்போலேருந்து இப்படி இருக்கு?”

“காலைலேருந்துதான் டாக்டர்” என்றார் சவரிநாதன், பெலிண்டாவுக்கு இடமே கொடுக்காமல்.

“வலி?”

“அதுவும் காலைலதான்.”

டாக்டர் நோட்டைப் புரட்டினார். “நேத்து ராத்திரி வரைக்கும் தெளிவுன்னு இருக்கு. சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டீங்கம்மா, நல்ல வேலை பண்ணுனீங்க. ஒரு நாளுக்குள்ளன்னா மருந்துக்குக் கேட்டுடும். ரிசல்ட் வரட்டும். பெரிசா ஒண்ணுமில்லன்னா மருந்துப் பையக் கொடுத்துச் சாயங்காலம் வீட்டுக்கே அனுப்பிடலாம்.”

நல்ல வேலை பண்ணுனீங்க. பெலிண்டா வாயைத் திறந்தாள். சவரிநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது, இனி எடுத்து வெளியே வைக்கத் தைரியம் வேண்டும்.

வராந்தாவில் கமர் ஜஹான் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நான் ரெண்டு வருஷமா உங்க நோட்டப் பாக்குறேன். ஒரு நாளு நீங்க எழுதுனா, ஒரு பைக்கு ஊதா மை, ஒரு பைக்குக் கறுப்பு மை, ஒண்ணு சாஞ்சிருக்கும், ஒண்ணு கிறுக்கியிருக்கும். கையில கிடைச்ச பேனாவுல எழுதுவீங்க. இந்த சனி, ஞாயிறு மட்டும் அச்சடிச்சாப்ல இருக்கு.”

பெலிண்டா தரையைப் பார்த்தாள்.

“நாங்கேக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு நாள் கேசுக்கும் மூணு நாள் கேசுக்கும் வைத்தியம் வேற. மூணு நாள்னா வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருந்து கேக்கலன்னா குழாயவே எடுக்கணும். ராத்திரிக்குள்ள ரத்தத்துல ஏறிடுச்சுன்னா அந்த ஹார்ட்டு தாங்காதுக்கா.”

அவள் போய்விட்டாள். பெலிண்டா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு. இரண்டு வருஷ உழைப்பும் அதில்தான் இருந்தது, இந்த இரண்டு நாளும் அதில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் குழாயை எடுப்பார்கள். குழாய் போனால் அவருக்கு வேறு வழி இல்லை. சொல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள், அங்கேயே ஏதாவது ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் கொல்லப்போவது தன் கைதான் என்று அவளுக்குத் தோன்றியது.

பன்னிரண்டு மணிக்குப் பிரவீன்ராஜ் ஓடி வந்தான். தேர் பதினோரு மணிக்கு நிலைக்கு வந்திருக்கிறது. போனை எடுத்து அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்திருக்கிறான். காவிரிப் பாலம் முழுக்கத் தேருக்கு வந்த கூட்டம், அதில் பைக்கைத் தள்ளிக்கொண்டே பாதி தூரம் வந்திருக்கிறான். சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

“அப்பா எங்க? என்ன ஆச்சு?”

“உள்ள இருக்காங்க. வயித்துல இன்பெக்‌ஷன்.”

“எப்படி வரும்? நீதானே பக்கத்துலயே இருக்க? என்ன பண்ணிகிட்டு இருந்த?”

பெலிண்டா நோட்டை மூடி மடியில் கவிழ்த்து வைத்தாள். அவனுக்கே தெரிந்துவிட்டது.

“அந்தக் கருமத்தப் பாத்துகிட்டு இருந்தியா? எத்தன தடவ சொன்னேன், நிறுத்துன்னு! பொழுதன்னைக்கும் அவ அண்ணனத் தேடுறதும், நீங்க ரெண்டு பேரும் வாயப் பொளந்துகிட்டுப் பாக்குறதும். அவன் கடல்லயே இல்ல, அந்த வக்கீல் வீட்டு மாடியில ஒளிஞ்சிகிட்டு இருக்கான். இதுக்குப் போய் எங்கப்பாவ...”

அவன் சட்டென்று நிறுத்தினான்.

பெலிண்டா மெல்ல நிமிர்ந்தாள். நூற்றாறாவது எபிசோடில் நெஸ்ரின் இப்போதுதான் வக்கீலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் இருக்கிறானா, செத்தானா என்பதே இன்னும் தெரியாது.

“மாடியிலயா?”

அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

“எத்தனாவது எபிசோட் அது?”

“பெலிண்டா...”

“எத்தனாவதுன்னு கேட்டேன்.”

“நூத்து முப்பத்தொண்ணு.”

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும் விஷயமா இது என்று அந்த அம்மாளுக்கு விளங்கியிருக்காது.

“எங்க பாத்தீங்க? வீட்டுக்கே பத்து மணிக்குத்தானே வர்றீங்க?”

பிரவீன்ராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

“டூட்டி ஆறு மணிக்கே முடிஞ்சிடும். எல்லாரும் போனதுக்கப்புறம் ஆபீஸ்லயே உக்காந்து போன்ல பாப்பேன். ஒம்பது மணிப் பைய நீ போட்டு முடிச்சிருப்பேன்னு தெரிஞ்சதுக்கப்புறம்தான் கெளம்புவேன்.”

“எவ்ளோ நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும். மொதல்ல வேற எதெதையோ பாத்தேன். அப்புறம், நீங்க ரெண்டு பேரும் எதப் பாத்து அப்படிச் சிரிக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் இத ஆரம்பிச்சேன்.”

“உள்ள வந்து எங்களோட உக்காந்து பாத்திருக்கலாமே?”

“முடியல. அம்மா படுத்திருந்த கட்டில், அதே ஸ்பிரிட் வாசனை, அப்பா வயித்துல குழாயோட. கம்பத்துல ஏறுறப்ப நடுங்காத கை அந்த ரூம் வாசல்ல நடுங்குது. அதச் சொல்ல அசிங்கமா இருந்துச்சு. கத்துனா நீ எதுவும் கேக்க மாட்டன்னு கத்துனேன்.”

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். அதில் ஒரு பையை அவன் போட்டிருந்தால் அவள் மாடிக்குப் போய்க் காற்று வாங்கியிருப்பாள், அக்காவோடு பேசியிருப்பாள், பூசைக்குப் போயிருப்பாள். ஒரே தொடருக்குள் மூன்று பேரும் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு மூலையில். அவளும் ஒளிந்தவள்தான். அவனைக் குற்றம் சொல்ல மடியில் இருந்த நோட்டு அவளை விடவில்லை.

கமர் ஜஹான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “அக்கா, டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுறாரு. சாயங்காலம் கூட்டிட்டுப் போகலாம்ங்கிறாரு.” சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

பெலிண்டா எழுந்தாள். உள்ளே போய் நோட்டை டாக்டரின் முன்னால் விரித்து வைத்தாள். பிரவீன்ராஜ் பின்னாலேயே வந்து நின்றான்.

“டாக்டர், இது பொய்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“இந்த ரெண்டு நாளும் பொய். சனிக்கிழமை காலைலயே எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டேன். சனி, ஞாயிறு ஒரு பையக்கூட நான் பாக்கல. ரூம இருட்டாக்கிட்டு டிவி பாத்துகிட்டு இருந்தேன். எப்போ கலங்குச்சுன்னு எனக்குத் தெரியாது. மாமாவுக்கு வலி சனிக்கிழமை சாயங்காலத்துலேருந்தே இருக்கு.”

“அவ பயத்துல உளர்றா டாக்டர்” என்றார் சவரிநாதன், எழுந்திருக்க முயன்றபடி.

“போதும் மாமா” என்றாள் அவள். “நீங்க எனக்காகச் செத்துப்போக வேணாம்.”

டாக்டர் எழுதிய சீட்டை இரண்டாகக் கிழித்தார். சவரிநாதனின் வயிற்றை மறுபடி அழுத்திப் பார்த்தார், இந்த முறை நீண்ட நேரம். அவர் இனி மறைக்கவில்லை, கத்திவிட்டார். டாக்டர் போனை எடுத்து அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு ஏதோ சொன்னார். பிறகு பெலிண்டாவைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

“இத சாயங்காலம் சொல்லியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா” என்றார். “இப்ப அட்மிட் பண்றோம். ஐசியூல இருக்கட்டும். நாளைக் காலை வரைக்கும் மருந்து கேக்குதான்னு பாப்போம். கேக்கலன்னா குழாய எடுத்துத்தான் ஆகணும்.”

“எடுத்துட்டா, அப்புறம்?” என்று கேட்டான் பிரவீன்ராஜ்.

“அத நாளைக்குப் பேசுவோம்.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிப்ட் வரைக்கும் சவரிநாதன் மருமகளின் கையை விடவில்லை. கதவு மூடும்போது கமர் ஜஹான்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

பெலிண்டா சுவரில் சாய்ந்து நின்றாள். பிரவீன்ராஜ் அவள் கையிலிருந்த நோட்டை வாங்கினான். பக்கங்களைப் புரட்டினான். இரண்டு வருஷம், ஒரு நாளைக்கு நான்கு வரி. எல்லாம் அவள் கையெழுத்து. ஒரு வரிகூட அவனுடையது இல்லை. அவன் வெகுநேரம் புரட்டிக்கொண்டே இருந்தான்.

“நாளைலேருந்து ஒம்பது மணிப் பைய நான் போடறேன்” என்றான் கடைசியில். “சத்தியமா போடறேன். நீ சொல்லிக் கொடு.”

பெலிண்டா மூடிய லிப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குப் பை இருந்தாப் போடுங்க” என்றாள்.